மருந்தே தன்னெதிர்ப்பு நோயைக் கொண்டுவருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு டி.பி. மருந்து தொடங்கி நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். பெருவிரலால் அழுத்தி மாத்திரையை வெளியே தள்ள முடியவில்லை. "நீயே எடுத்துக் கொடுடா, கை மடங்கவே மாட்டேங்குது" என்று அட்டையை என்னிடம் நீட்டினார். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கியிருந்தன. பத்து, பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் இளகும், மறுநாள் காலையில் பழையபடி. அந்த அட்டையில் இருந்த மருந்துகளில் ஒன்றுதான் காரணம் என்று தெரிய எங்களுக்கு இன்னும் ஏழு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், டி.பி. மருந்து சாப்பிடும் வேறு குடும்பங்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், மூட்டு மருத்துவர் பொறுமையாக எங்களுக்குச் சொன்னதையும், நான் தேடிப் படித்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்தை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மருந்து சாப்பிட்டால் தன்னெதிர்ப்பு நோய் வரும் என்பது உண்மையா?

உண்மைதான். நம் உடம்பின் நோய் எதிர்ப்புப் படை கிருமியை விட்டுவிட்டு நம்முடைய சொந்தத் திசுக்களையே தாக்க ஆரம்பிப்பதைத்தான் தன்னெதிர்ப்பு நோய், ஆட்டோ இம்யூன் நோய் என்கிறோம். பெரும்பாலும் அது ஏன் தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சிலருக்கு ஒரு மருந்துதான் அதைக் கிளப்பிவிடுகிறது, அந்த மருந்தை எடுத்துவிட்டால் நோயும் அடங்கிவிடுகிறது. இதில் அதிகம் ஆராயப்பட்டது லூபஸ், அதாவது மூட்டு, தோல், சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கக்கூடிய ஒரு தன்னெதிர்ப்பு நோய். 1945-இல் சல்ஃபாடயசின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட ஒருவருக்கு வந்ததைப் பதிவு செய்தார்கள். 1950களில் பிபி மருந்தான ஹைட்ரலசின், 1962-இல் இதயத் துடிப்பைச் சீராக்கும் புரோகைனமைட் என்று வரிசையாக வந்து, இன்று இந்தப் பட்டியலில் நூறுக்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. நல்ல செய்தி என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவற்றால் இது வருவது அபூர்வம்.

எந்தெந்த மருந்துகளைக் கவனிக்க வேண்டும்?

லூபஸ் வரவழைப்பதில் முதலிடம் புரோகைனமைட்டுக்கும் ஹைட்ரலசினுக்கும்தான். புரோகைனமைட் இப்போது அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. ஹைட்ரலசின் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், கர்ப்ப காலத்தில் பிபி ஏறியவர்களுக்கும் இன்னும் தரப்படுகிறது. அப்புறம் டி.பி.க்குத் தரும் ஐசோனியாசிட். முகப்பருவுக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் மினோசைக்ளின் (இது இளம்பெண்களுக்கு லூபஸ் மாதிரியும் வரும், கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயாகவும் வரும்). வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபின். முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் போடும் இன்ஃப்ளிக்சிமாப், எட்டனர்செப்ட், அடாலிமுமாப் ஊசிகள். ஒரு தன்னெதிர்ப்பு நோயை அடக்கப் போடும் ஊசியே இன்னொன்றைக் கிளப்புவது விசித்திரமாக இருந்தாலும் நடக்கிறது.

லூபஸ் தவிர மற்றவையும் உண்டு. கர்ப்பிணிகளுக்குப் பிபிக்குத் தரும் மெத்தில்டோபா சிலருக்குச் சிவப்பணுக்களை உடைக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள் சிவப்பணுவில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ் ஆகிறவர்கள் பத்து முதல் இருபது சதவீதம் வரை இருந்தாலும் உண்மையில் ரத்தம் உடைந்து சோகை வருகிறவர்கள் நூறில் ஒருவருக்கும் குறைவு. உடம்பில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய்க்குத் தரும் பெனிசிலமைன் தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியாவைக் கொண்டுவரலாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குத் தரும் புரோபில்தையோயூராசில் ரத்தக் குழாய் அழற்சியை உண்டாக்கலாம்.

டி.பி. மருந்து சாப்பிட்டால் மூட்டு வலிப்பது சகஜம்தானே? இதற்கும் லூபஸுக்கும் என்ன சம்பந்தம்?

இதைத்தான் எங்களிடமும் சொன்னார்கள். முதலில் காட்டிய இடத்தில் "டி.பி. மருந்துன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். எப்போது தொடங்கியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் முக்கியமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமான டி.பி. சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால். அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் இல்லாமல் மற்ற மூன்றும். முதல் இரண்டு மாதத்தில் வரும் மூட்டுவலிக்குப் பெரும்பாலும் பைரசினமைட்தான் காரணம், அது யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும். அதில் தன்னெதிர்ப்பு எதுவும் இல்லை, பலருக்கு வரும், வலி மாத்திரையிலேயே அடங்கும். ஆனால் அம்மாவுக்கு வலி தொடங்கியபோது பைரசினமைட்டை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது! நிறுத்திய மருந்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்தை யாரும் சந்தேகப்படவே இல்லை.

ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் ரத்தத்தில் ஏ.என்.ஏ. என்ற, நம் செல்களின் கருவையே குறிவைக்கும் எதிர்ப்பொருள் தென்படலாம். அவர்களில் மிகச் சிலருக்குத்தான், மொத்தமாகப் பார்த்தால் நூறில் ஒருவர் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான், லூபஸாக வெளியே வரும். வந்தால் மூட்டுவலி, காய்ச்சல், சோர்வு, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல். இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நுரையீரல் உறையில் நீர் கோப்பதும் காய்ச்சலும் டி.பி.யிலும் வரும், இந்த லூபஸிலும் வரும். மருந்து கேட்கவில்லை, டி.பி. திரும்பிவிட்டது என்று நினைத்து அதே மருந்தை நீட்டிக்கொண்டே போக வாய்ப்பு உண்டு.

இதைப் படித்துவிட்டு டி.பி. மருந்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஐசோனியாசிட் 1952-இல் வந்ததிலிருந்து அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை. டி.பி.யை விட்டால் அது ஆளைக் கொல்லும், இந்த லூபஸ் அப்படி இல்லை.

எல்லோரும் சாப்பிடுகிற மருந்து ஏன் ஒருசிலருக்கு மட்டும் இப்படி ஆகிறது?

ஒரு காரணம் கல்லீரல் மருந்தைக் கழிக்கும் வேகம். ஐசோனியாசிட், ஹைட்ரலசின், புரோகைனமைட் மூன்றையும் உடைத்து வெளியேற்றுவதில் என்.ஏ.டி.2 என்ற நொதிக்கு (என்சைம்) பங்கு இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது மெதுவாக வேலை செய்யும். அவர்கள் உடம்பில் மருந்து அதிக நேரம் தங்கும். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 1960களின் தொடக்கத்திலேயே தென்னிந்திய நோயாளிகள் ஐசோனியாசிட்டை எவ்வளவு வேகமாகக் கழிக்கிறார்கள் என்று அளந்து பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவாகக் கழிப்பவர்கள். ஆக, நம் ஊரில் இது யாரோ ஒருவருக்கு இருக்கும் குறை இல்லை, ரொம்பச் சாதாரணம். மெதுவாகக் கழிப்பவர்களுக்கு லூபஸ் வாய்ப்பு கூடுதல் என்பது ஹைட்ரலசினில்தான் மிகத் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது.

அடுத்தது மருந்தின் அளவு. ஹைட்ரலசின் சாப்பிட்ட 281 பேரைப் பின்தொடர்ந்து 1984-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்தில், தினம் 50 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட லூபஸ் வரவில்லை. 100 எடுத்தவர்களில் 5.4 சதவீதம், 200 எடுத்தவர்களில் 10.4 சதவீதம். அந்த 200 எடுத்தவர்களில் பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 19.4 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ஐவரில் ஒருவர். ஒரே மருந்துதான், அளவும் ஆளும் மாறினால் ஆபத்து இத்தனை தூரம் மாறுகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஒரே பாதை இல்லை. சில மருந்துகள் வெள்ளணுக்களுக்குப் பக்கத்தில் போகும்போது, கிருமியைக் கொல்ல அவை வைத்திருக்கும் ரசாயனமே மருந்தைச் சிதைத்து, எளிதில் வினைபுரியும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. புரோகைனமைட்டில் இது நன்றாகத் தெரிந்தது. அதே மருந்தின் அசிட்டைல் வடிவத்துக்கு மாற்றியபோது நோயாளிகளின் லூபஸ் அடங்கிவிட்டது. அந்த ஒரு சின்ன ரசாயன மாற்றம் போதும், வெள்ளணு அதைச் சிதைத்து அப்படி வினைபுரியும் பொருளாக மாற்ற வழியில்லாமல் போகிறது. ஹைட்ரலசினும் புரோகைனமைட்டும் இன்னொன்றும் செய்கின்றன: எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களின் மரபணுக்கள் மேல் இருக்கும் மெத்தில் என்ற பூட்டைத் தளர்த்திவிடுகின்றன. மூடியிருக்க வேண்டிய மரபணுக்கள் திறந்துகொண்டு, அந்தச் செல்கள் சொந்த உடம்பையே எதிரியாகப் பார்க்க ஆரம்பிக்கின்றன.

புற்றுநோய்க்குப் போடும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகளின் கதை வேறு. அவை எதிர்ப்புப் படையின் பிரேக்கை வேண்டுமென்றே எடுத்துவிடுகின்றன. படை புற்றை அடிக்கட்டும் என்பதற்காகத்தான் அப்படி. இந்த வழியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பிரேக் இல்லாத படை சிலரிடம் தைராய்டையும் குடலையும் தோலையும் சேர்த்தே அடிக்கிறது, அபூர்வமாகக் கணையத்தைத் தாக்கி முதல் வகைச் சர்க்கரை நோயையும் கொண்டுவருகிறது. இங்கே இது எதிர்பாராத விபத்து கிடையாது, மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கும் விலை. அதனால்தான் இந்த ஊசி போடுகிறவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள்.

இது மருந்து அலர்ஜிதானே?

இல்லை. அலர்ஜி என்றால் பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில நாட்களிலோ அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் என்று வந்து நிற்கும். இது மெதுவாக வரும். மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்ட மருந்துதான் காரணமாக இருக்கும். "இதைத்தான் ரெண்டு வருஷமா சாப்பிடுறேனே, இப்ப மட்டும் என்ன" என்று யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கண்டுபிடிக்கத் தாமதமாவதே இதனால்தான்.

சாதாரண லூபஸிலிருந்து இதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

சாதாரண லூபஸ் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பிள்ளை பெறும் வயதில். மருந்தால் வருவது பெரும்பாலும் வயதானவர்களுக்கு, ஆண் பெண் வித்தியாசமும் குறைவு, ஏனென்றால் அந்த மருந்துகளை யார் சாப்பிடுகிறார்களோ அவர்களுக்குத்தானே வரும். முகத்தில் பட்டாம்பூச்சி மாதிரிச் சிவப்பது, சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படுவது எல்லாம் இதில் குறைவு. ரத்தத்தில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ், ஆன்டி ஹிஸ்டோன் பாசிட்டிவ், ஆனால் ஆன்டி டி.எஸ். டி.என்.ஏ. நெகட்டிவ் என்பது வழக்கமான படம் (இவையும் செல் கருவில் உள்ளவற்றைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்கள்தான்). இன்ஃப்ளிக்சிமாப் வகை ஊசிகளில் அந்த டி.எஸ். டி.என்.ஏ.வும் பலருக்குப் பாசிட்டிவாக வரும். ஆன்டி ஹிஸ்டோன் சாதாரண லூபஸிலும் வரலாம் என்பதால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. கடைசியில் சாட்சி சொல்வது, மருந்தை நிறுத்தியதும் நோய் இறங்குகிறதா என்பதுதான்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. உடனே மருந்தை நிறுத்த வேண்டுமா?

உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் வெறும் ரிப்போர்ட்டுக்காக யாரும் மருந்தை நிறுத்துவதில்லை. ஆரோக்கியமானவர்களில்கூடச் சிலருக்கு இது பாசிட்டிவாக இருக்கும். கூகுளில் தேடி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், நான் கெடுத்துக்கொண்டேன்.

சந்தேகம் வந்தால் நானே நிறுத்திவிடலாமா?

கூடாது, தயவுசெய்து கூடாது. டி.பி. மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரலாம். பிபி மருந்தை விட்டால் பிபி எகிறும். பெரும்பாலும் மாற்று மருந்து இருக்கிறது, நிறுத்துவதும் மாற்றுவதும் டாக்டர் சொல்படி சேர்ந்தே நடக்க வேண்டிய காரியம்.

நிறுத்தினால் முழுசாகப் போய்விடுமா?

மருந்தால் வந்த லூபஸ் என்றால் பெரும்பாலும் போய்விடும். சிலருக்குச் சில நாட்களில், பலருக்குச் சில வாரங்களில், சிலருக்கு மாதங்கள் ஆகும். நடுவில் வலி மாத்திரையோ, லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயினோ, கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டோ தருவார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் மட்டும் ஒரு வருடத்துக்கு மேலும் தங்கியிருக்கலாம். அதே மருந்தைத் திரும்ப எடுத்தால் முன்னைவிடச் சீக்கிரம் திரும்பி வரும்.

ஆனால் எல்லாமே இப்படி இல்லை, இதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். கொழுப்புக்குச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரையால் வரும் சாதாரணத் தசைவலி நிறுத்தினால் போய்விடும். ஆனால் லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு, அந்த மாத்திரை தடுக்கிற எச்.எம்.ஜி. கோ.ஏ. ரிடக்டேஸ் நொதிக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகி, தசை அழிய ஆரம்பிக்கும். தோளைத் தூக்க முடியாது, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது, தசை சிதைவதை ரத்தத்தில் காட்டும் சி.கே. அளவு ஆயிரக்கணக்கில் போகும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இது தொடரும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தேவைப்படும். அதேபோல புற்றுநோய் ஊசியால் வந்த தைராய்டு குறைபாடும் சர்க்கரையும் பெரும்பாலும் நிரந்தரம்.

கேஸ் மாத்திரைகூட இதில் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் வகை மாத்திரைகள், பிபிக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைட், படர்தாமரைக்குத் தரும் டெர்பினஃபின் மூன்றும் தோலில் வரும் ஒரு வகை லூபஸைக் கிளப்பலாம். வெயில் படும் இடங்களில், மார்பு, முதுகு, கைகளில், வளையம் வளையமாகச் செதிலோடு சிவக்கும். இதில் பார்க்க வேண்டியது ஆன்டி ரோ எதிர்ப்பொருள். இது அபூர்வம்தான். ஆனால் நம் ஊரில் எதற்கெடுத்தாலும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை என்று சீட்டே இல்லாமல் வாங்கி வருடக்கணக்கில் சாப்பிடுகிறோம், டாக்டரிடம் சொல்லும்போது அதை மருந்தாகவே நினைத்துச் சொல்வதில்லை. வளையத்தைப் பார்த்துப் படர்தாமரை என்று நினைத்து டெர்பினஃபினே தந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நாட்டு மருந்தில் இந்தப் பிரச்சினை இல்லைதானே?

பாதரசம் சேர்ந்திருந்தால் உண்டு. சிறுநீரக வடிகட்டியில் எதிர்ப்பொருள் படிந்து, சிறுநீரில் புரதம் ஒழுகி, முகமும் காலும் வீங்கும் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற நோயில் நெல்-1 (NELL-1) என்று ஒரு வகை. பாரம்பரிய மருந்து சாப்பிட்டவர்களிடம் இதைப் பார்த்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022-இல் எழுதினார்கள். அதன் பிறகு கேரளத்தின் கோட்டக்கல்லில் இந்தச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 வகை, அந்த 15 பேரில் 13 பேர், பாதரசம் சேரக்கூடிய சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். மூலிகைக் கஷாயத்தை நான் குறை சொல்லவில்லை. என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தையும் டப்பாவையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு ஏற்கெனவே லூபஸ் இருக்கிறது. இந்த மருந்துகளை நான் தொடவே கூடாதா?

அப்படி இல்லை. லூபஸ் உள்ளவர்களுக்கு டி.பி. வந்தால் ஐசோனியாசிட் கொடுக்கத்தான் செய்கிறார்கள், பெரும்பாலும் நோய் கிளம்புவதில்லை. சல்ஃபா ஆன்டிபயாட்டிக்குகள் மட்டும் லூபஸைத் தூண்டிவிடுவதாகப் பேர் வாங்கியவை, அதனால் உங்களுக்கு லூபஸ் இருப்பதை எந்த டாக்டரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு முழுத் தாள். கடந்த இரண்டு வருடத்தில் சாப்பிட்ட ஒவ்வொரு மருந்தின் பெயர், தொடங்கிய மாதம், நிறுத்திய மாதம். பக்கத்திலேயே ஒவ்வொரு தொந்தரவும் தொடங்கிய மாதம். முகப்பரு மாத்திரை, கேஸ் மாத்திரை, கிரீம், கஷாயம், ஜிம்மில் கொடுத்த பவுடர் எல்லாம் சேர்த்து. பழைய அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மூட்டு மருத்துவர் அம்மாவின் தாளை மேசையில் விரித்து, பேனாவால் பைரசினமைட் நிறுத்திய தேதிக்கு ஒரு கோடு, விரல் வீங்கிய தேதிக்கு ஒரு கோடு போட்டார். நடுவே இருந்த இடைவெளியைக் காட்டி, "இதைப் பாருங்கம்மா, அது நின்ன பிறகுதானே வலியே வந்திருக்கு" என்றார். அதன் பிறகுதான் ஏ.என்.ஏ., ஆன்டி ஹிஸ்டோன் எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

மருந்தால் பாதிப்பு என்று சந்தேகம் இருந்தால் நோயாளியே இலவச எண் 1800-180-3024-க்குக் கூப்பிட்டுச் சொல்லலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் கண்காணிப்புத் திட்டத்துக்கு அது போகும். அபூர்வமான பாதிப்புகள் இப்படிச் சேரும் பதிவுகளில்தான் தெரியவரும்.

உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

ஐசோனியாசிட்டை எடுத்துவிட்டு டி.பி. டாக்டரும் மூட்டு மருத்துவரும் பேசி வேறு மருந்து சேர்த்தார்கள். மூன்றாவது வாரத்தில் விரல் மடங்கியது. டி.பி. சிகிச்சை கொஞ்சம் நீண்டாலும் முழுசாக முடிந்தது, சளிப் பரிசோதனை சுத்தம். ஒரு வருடம் கழித்து எடுத்த ஏ.என்.ஏ. இன்னும் பாசிட்டிவ்தான், டாக்டர் பார்த்துவிட்டுச் சும்மா வைத்துவிட்டார். அம்மாவின் ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் 'ஐசோனியாசிட் தரக்கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மாத்திரையை இப்போது அட்டையிலிருந்து அவரேதான் எடுத்துக்கொள்கிறார்.